நாப்பத்தோராம் பக்கத்துக் கட்டுரை

அந்தப் புத்தகத்தப் பைக்குள்ள வைக்காதீங்கக்கா. பயப்படாதீங்க, பறிச்சுக்கிட மாட்டேன். மகளுக்கா? பத்தாவதா? நல்லது. ஒண்ணு மட்டும் செய்யுங்க. நாப்பத்தோராம் பக்கத்த எடுங்க. நான் பஸ் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொல்றேன், நீங்க சரி பாருங்க. 'மழைநீர் சேகரிப்போம்'னு தலைப்பு. "எங்கள் தெருவில் பதினொரு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். மழை மட்டும் முறை பார்க்காமல் வரும். மழை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். பாத்திரங்கள்தான் பேசும்." சரியா? ஒரு எழுத்து மாறலைல்ல?

இப்ப அட்டையத் திருப்புங்க. யாரு பேரு போட்டிருக்கு? ஆ. குணசீலி, எம்.ஏ., எம்.பில்., பி.எட். பேருக்கு முன்னால ஒரு பட்டம் வேற. யாரு குடுத்தான்னு தெரியல.

அது என் கட்டுரைக்கா. அது மட்டுமில்ல, உள்ள இருக்குற இருவத்திரெண்டு கட்டுரையும் என்னோடது.

நான் யாரையும் குத்தம் சொல்ற ஆளு இல்ல. எங்க ஊர்ல போயி சந்தனமாரி டீச்சர்னு கேட்டுப் பாருங்க. கோவில்பட்டிதான். டீச்சர்னா ஸ்கூல் டீச்சர் இல்ல. எம்.ஏ. தமிழ் முடிச்சு, பி.எட். முடிச்சு, தகுதித் தேர்வும் பாஸ் பண்ணி, வேலை வரும் வரும்னு உக்காந்து இப்ப முப்பத்தொம்பது ஆச்சு. எங்க அண்ணன் வீட்டு மாடியில ஒரு ரூமு. சனி ஞாயிறு காலையில கட்டுரை டியூசன். கணக்கு டியூசன் கேள்விப்பட்டிருப்பீங்க, இங்கிலீஷ் டியூசன் கேள்விப்பட்டிருப்பீங்க. கட்டுரைக்குன்னு தனி டியூசன் எங்க ஊர்லயே நான் ஒருத்திதான். ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் புள்ளைக வரும்.

எப்படிச் சொல்லிக் குடுப்பேன்னா, முன்னுரை நாலு வரி. உட்தலைப்பு அஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் அடியில ஸ்கேல் வச்சுக் கோடு. நடுவுல ஒரு குறள். முடிவுரையில 'வளமான பாரதம் படைப்போம்'னு முடிக்கணும். திருத்துறவங்க கண்ணு எங்க போகும்னு எனக்குத் தெரியும். எட்டு மார்க்குக்கு ஏழு வாங்காத புள்ள என்கிட்ட இல்ல.

அந்தக் குணசீலி எனக்கு யாருன்னா, பாளையங்கோட்டையில நாங்க ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டல் ரூமு. ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. அவளுக்கு எய்டட் ஸ்கூல்ல வேலை கிடைச்சிருச்சு, எனக்குக் கிடைக்கல. அதுக்காக நான் பொறாமைப்பட்டேனா? படலக்கா. அவ வீடு பால் காய்ச்சினப்ப முத நாளே போயி அடுப்படியில நின்னேன். டியூசன் ஆரம்பிக்கச் சொன்னதே அவதான். "ஏட்டி, உனக்கு இருக்குற தமிழுக்கு நீ சும்மா உக்காரலாமா"ன்னு சொல்லி, அவ ஸ்கூல் புள்ளைகள அவளே அனுப்பி வச்சா. அத நான் மறைக்கல. நல்லது செஞ்சதையும் சொல்லணும்ல.

மூணு வருசத்துக்கு முன்னால புள்ளைகளுக்கு ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். தலைப்பக் குடுத்ததும் நேரா கட்டுரை எழுதக் கூடாது. முதல்ல மனசுல என்ன வருதோ அதக் கிறுக்கணும். பேச்சுத் தமிழோ, தப்போ, எதுவும் பாக்க வேண்டாம். அப்புறம் நான் அதக் கட்டுரையாக்கித் தருவேன். அந்தக் கிறுக்கல்ல நல்லதா ஒண்ணு ரெண்டு வரும். அத எடுத்துச் சந்தி போட்டு, ஒற்றுப் போட்டு, கொச்சையெல்லாம் நீக்கி, லாங் சைஸ் நோட்டுல நானே அழகா எழுதி வைப்பேன். என் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். அடுத்த வருசம் வர்ற புள்ளைகளுக்கு அதுதான் மாதிரி. நான் சொந்தமா எழுதுனதும் அதுல உண்டு. எல்லாம் சேத்து நாப்பது இருந்துச்சு. அந்த நோட்டு எனக்குப் பெத்த புள்ள மாதிரிக்கா.

இந்த மழைக் கட்டுரை எப்படி வந்துச்சுன்னா, காளீஸ்வரின்னு ஒரு புள்ள. அப்ப பத்தாவது. அவ அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேலை பாக்குறா. அப்பா இல்ல. பேசவே பேசாது அந்தப் புள்ள, கடைசி வரிசையில உக்காரும். மழைநீர் தலைப்பக் குடுத்தேன். மத்ததெல்லாம் 'நீரின்றி அமையாது உலகு'ன்னு ஆரம்பிச்சிருச்சு, நான் சொல்லிக் குடுத்தபடி. இவ மட்டும் அரைப் பக்கம் கிறுக்கிக் கொண்டுவந்தா. வாசிச்சேன். திரும்பவும் வாசிச்சேன். "ஏட்டி, இத எங்கயிருந்து பாத்து எழுதுன?"ன்னு கேட்டேன். "பாத்து எழுதல டீச்சர், எங்க வீட்டுல அப்படித்தான்"னுச்சு.

ஆனா என்னன்னா, 'போணி'ன்னு எழுதியிருந்தா. போணிக பேசும், சின்னப் போணி முதல்ல பேசும், பெரிய போணி கடைசியா பேசும்னு. போணின்னு கட்டுரையில எழுதலாமாக்கா? பாத்திரம்னு மாத்துனேன். 'தண்ணி'யத் தண்ணீர் ஆக்குனேன். ஏழு இடத்துல ஒற்று இல்ல, போட்டேன். சின்னது பெருசுன்னு இழுத்ததையும் வெட்டிட்டேன். செவப்பு மையில அந்தப் பக்கமே செவந்துபோச்சு. அப்புறம் நோட்டுல ஏத்துனேன். அவ மண்ணக் கொண்டுவந்தா, பானையப் பண்ணது யாரு? சொல்லுங்க. அதனாலதான் என் கட்டுரைங்கேன்.

போன வருசம் கார்த்திகை மாசம் குணசீலி என் வீட்டுக்கு வந்தா. "சந்தனம், உன் நோட்டக் கொஞ்சம் குடேன். எங்க ஸ்கூல் புள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டிட்டு பொங்கலுக்குள்ள தந்துருதேன்"னா. குடுத்தேன். ஒரே தட்டுல சாப்பிட்டவளுக்கு நோட்டுக் குடுக்க யோசிப்பாங்களா? பொங்கல் போச்சு. பரீட்சை போச்சு. போன் போட்டா, "ஐயோ, ஸ்டாஃப் ரூம்ல இருக்குடி, எடுத்துட்டு வாரேன்"பா. நோட்டுத் திரும்பி வந்துச்சு, வரலைன்னு சொல்ல மாட்டேன். மே மாசம், ஒரு புள்ளகிட்டக் குடுத்தனுப்பிச்சா. நேர்ல வரல. அப்பவே எனக்குத் தட்டியிருக்கணும்.

ஜூன்ல ஸ்கூல் தொறந்த வாரம், செவப்பு மைப் பேனா வாங்க மெயின் ரோட்டுல ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்குப் போறேன். கடைக்காரர் புதுக் கைடையெல்லாம் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கார். குணசீலி பேரப் பாத்ததும் முதல்ல எனக்குச் சந்தோசம்தாங்கக்கா. நெஜமாச் சொல்றேன். நம்ம குணா புத்தகம் போட்டுட்டாளேன்னு. சொல்லாமப் போட்டுட்டாளே, வாங்கிட்டுப் போயி அவ முன்னால நிக்கணும்னு நெனச்சுக்கிட்டே பிரிச்சேன். நாப்பத்தோராம் பக்கம்தான் பிரிஞ்சுது. கடையில நின்னபடியே ரெண்டு வரி வாசிச்சேன். அதுக்குமேல எழுத்துத் தெரியல. கடைக்காரர், "என்ன டீச்சர், பேனா வேணுமா வேண்டாமா"ன்னு கேக்குறார். நான் பேனாவ விட்டுட்டு, அந்தப் புத்தகத்துக்கு மட்டும் காசக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே அவ வீட்டுக்குப் போனேன். அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. புத்தகத்தக் கட்டில்ல போட்டேன். அவ முகம் வெளுத்துப்போச்சு. ஆனா அழல. "உக்காரு சந்தனம்"னா.

"என் கட்டுரைய நீ போடலாமா குணா? ஒரு வார்த்தை கேட்டியா?"ன்னேன்.

"கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட. பப்ளிஷர் ஒரு மாசத்துல வேணும்னுட்டாரு. செஞ்சது தப்புதான்"னா.

தப்புதான்னு எவ்வளவு லேசாச் சொல்றா பாருங்க. அதோட விட்டாளா? நான், "என் எழுத்தத் திருடிட்டியே"ன்னு சத்தம் போட்டதும், மடிச்ச சேலைய அப்படியே வச்சுட்டு என்னப் பாத்தா. "உன் எழுத்தா? நாப்பதுல நீ எழுதுனது பதினெட்டுடி. அதுல ஒண்ணக்கூட நான் எடுக்கல. எண்ணிப் பாரு"ங்கா.

"எடுக்கலையா? ஏன்?"

"பப்ளிஷருக்கு நாப்பதையும்தான் அனுப்புனேன். அந்தப் பதினெட்டையும் வேண்டாம்னுட்டாரு. எல்லாக் கைடுலயும் இருக்குற மாதிரியே இருக்குதாம். மத்தது இருவத்திரெண்டும் புள்ளைக எழுதுனது. எனக்குத் தெரியாதாடி? ஹாஸ்டல்ல எத்தனை வருசம் உன் எழுத்த வாசிச்சிருக்கேன். நான் திருடுனேன்னா நீயும்தான் திருடுன."

எப்படிப் பேச்சு பாத்தீங்களா? திருடுனவ வாயில இருந்து நமக்கு ஒரு திருட்டுப் பட்டம். நான் சொந்தமா எழுதுன பதினெட்டும் முத்து மாதிரி இருக்கும். 'கணினியின் பயன்கள்'னு ஒண்ணு எழுதியிருக்கேன், உட்தலைப்பே எதுகையில வரும். அத வேண்டாம்னு சொன்ன பப்ளிஷருக்குத் தமிழ் தெரியுமா? குணாவுக்கும் பொறுக்கி எடுக்கத் தெரியல. விடுங்க. ஆனா அன்னைக்கு நடந்து வீட்டுக்கு வந்து, நோட்ட எடுத்து எண்ணிப் பாத்தேன். பதினெட்டுதான். இத எதுக்கு உங்ககிட்டச் சொல்றேன்னே தெரியல.

மதுரையில இருக்குற அந்தப் பப்ளிஷருக்குப் போன் போட்டேன். மரியாதையாத்தான் பேசுனார். "ஆதாரம் இருந்தாக் கொண்டுவாங்கம்மா, பாப்போம்"னார். லாங் சைஸ் நோட்டுல தேதி இல்ல. அப்பத்தான் காளீஸ்வரியோட டியூசன் நோட்டு ஞாபகம் வந்துச்சு. அதுல என் செவப்பு மை இருக்கு, தேதி போட்டுக் கையெழுத்து இருக்கு. அவ அம்மா நம்பருக்குப் போட்டு, புள்ளகிட்டக் குடுக்கச் சொன்னேன்.

"எதுக்கு டீச்சர் அந்த நோட்டு?"ன்னா.

"என் கட்டுரைய ஒருத்தி திருடிப் புத்தகமாப் போட்டுட்டாட்டி. உன் நோட்டுதான் சாட்சி."

  "எந்தக் கட்டுரை டீச்சர்?"

"மழைநீர்."

"அது உங்க கட்டுரையா டீச்சர்?"

கேள்வி மாதிரியும் இருக்கு, கேள்வி இல்லாத மாதிரியும் இருக்கு. "ஆமா, நான்தான எழுதி வச்சிருந்தேன்"னேன். "தேடிப் பாக்குறேன் டீச்சர்"னு வச்சுட்டா. ரெண்டு தடவ கேட்டேன். தேடுறேன், தேடுறேன்னா.

ஆகஸ்டு மாசம் ஊர்ல ஒரு சங்கத்துக்காரங்க எல்லா ஸ்கூலுக்கும் கட்டுரைப் போட்டி வச்சாங்க. காளீஸ்வரி இப்ப பதினொண்ணாவது. அவ ஸ்கூல்ல இருந்து அவதான் போனா. தலைப்பு 'நீர் மேலாண்மை'. புள்ள என்ன செய்யும்? தன் வீட்டு மழையத்தான் எழுதியிருக்கு. அதே வரி. நடுவர் ஒருத்தர் கையில இந்தக் கைடு இருந்திருக்கு. பரிசு குடுக்குற மேடையிலயே மைக்கப் பிடிச்சு, "ஒரு மாணவி கைடைப் பாத்து மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கார், இப்படிச் செய்யாதீங்க"ன்னு ஸ்கூல் பேரோட சொல்லிட்டாங்க. அந்த ஸ்கூல்ல இருந்து போனது அவ ஒருத்திதான். எல்லாப் புள்ளையும் திரும்பிப் பாத்திருக்கு. பாவம். அந்தப் பாவமெல்லாம் குணசீலியத்தான் சேரும்.

மறுநாளே அவளும் அவ அம்மாவும் என் வீட்டுக்கு வந்தாங்க. அவ அம்மா வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கா. புள்ள முகம் வீங்கிக் கெடக்கு. அம்மாக்காரிதான் பேசுனா. "டீச்சர், ஸ்கூல்ல இவள ஒரு மாதிரியாப் பாக்காங்களாம். இது இவ உங்ககிட்ட டியூசன்ல எழுதுனதுன்னு ரெண்டு வரி எழுதித் தாங்க. எச்.எம்.கிட்டக் குடுத்துருதோம்."

ரெண்டு வரிதான். எனக்கு ரெண்டு வரி எழுதத் தெரியாதா? ஆனா யோசிச்சுப் பாருங்கக்கா. அவ எழுதுனதுன்னு இங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, மதுரையில போயி நான் எழுதுனதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? "கொஞ்சம் பொறும்மா. மதுரைக் காரியம் முடியட்டும். என் பேரு வந்துருச்சுன்னா, என் மாணவிதான், என்கிட்டப் படிச்சு எழுதுனான்னு நானே வந்து சொல்லுதேன். எல்லாம் சரியாயிரும்"னேன்.

அம்மாக்காரி, "சரி டீச்சர்"னு எந்திரிச்சுட்டா. புள்ள எந்திரிக்கல. காப்பி போட்டுக் குடுத்திருந்தேன், அதத் தொடல. "டீச்சர், உங்க நோட்டுல அந்தக் கட்டுரைக்குக் கீழ என் பேரு எழுதியிருந்தீங்களா?"ன்னு கேட்டா.

"மாதிரிக் கட்டுரைக்குப் பேரு எதுக்குட்டி? யாராச்சும் எழுதுவாங்களா?"

 எந்திரிச்சுப் போயிட்டா. போயிட்டு வாரேன்னுகூடச் சொல்லல. ரெண்டு வருசம் சொல்லிக் குடுத்திருக்கேன்.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சு அவ ஸ்கூல் எச்.எம். போன் பண்ணி, வரச் சொல்றாங்க. போறேன். எச்.எம். ரூம்ல அம்மாவும் புள்ளையும் நிக்காங்க. மேசை மேல என்ன இருக்குங்கீங்க? அந்த டியூசன் நோட்டு. தேடுறேன் தேடுறேன்னாளே, அது. செவப்பு மை தெரியிற மாதிரி தொறந்து கெடக்கு.  எனக்கு இல்லைன்னதக் கொண்டுபோயி எச்.எம். மேசையில வச்சிருக்கா. குணசீலி செஞ்சதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கல. அவ பெரியவ, வெவரம் தெரிஞ்சவ. இவ நான் கைபிடிச்சு எழுத வச்ச புள்ளைக்கா.

எச்.எம். சுத்தி வளைக்கல. "டீச்சர், இத எழுதுனது இந்தப் பொண்ணா, நீங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"நான் திருத்துனது"ன்னேன்.

"அது தெரியுது. எழுதுனது?"

நான் நோட்டுல இருந்த என் செவப்பு மையவே பாத்துக்கிட்டிருந்தேன். 

எச்.எம். ஒரு வெள்ளைத் தாள எடுத்தாங்க. காளீஸ்வரிகிட்டக் குடுத்து, "இங்கயே உக்காரு. உங்க தெருவுல காலையில என்ன நடக்கும்னு எழுது. கால் மணி நேரம்"னாங்க. புள்ள ஓரத்துல ஸ்டூல்ல உக்காந்து எழுதுது.  வெளிய பி.டி. பீரியடு விசில் கேக்குது. எழுதி முடிச்சதும் எச்.எம். வாசிச்சாங்க. ரொம்ப நேரம் வாசிச்சாங்க. என் பக்கம் நீட்டுனாங்க.

"தீப்பெட்டி ஆபீஸ் வேன் எங்கள் தெருவில் ஹாரன் அடிக்காது. டிரைவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பேர் சொல்லி கூப்பிடுவார். அவர் லட்சுமிகாந்தம் என்று கூப்பிடும்போதுதான் என் அம்மாவுக்கு ஒரு பேர் இருப்பது தெரியும். வேன் போன பிறகு அந்தப் பேரை அன்று முழுவதும் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்."

இம்புட்டுத்தான். அவ அம்மா பக்கத்துல நிக்கிறா, அவளுக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு எங்க முகத்த மாத்தி மாத்திப் பாக்குறா.

நல்லாத்தான் இருந்துச்சு. இல்லைங்கல. ஆனா 'பேர் சொல்லி கூப்பிடுவார்'னு எழுதியிருக்கா. நடுவுல 'க்' வரணும்ல? என் கை பாட்டுக்குப் பையில இருந்து செவப்புப் பேனாவ எடுத்து மூடியத் திறந்திருச்சு. எனக்கே தெரியாதுக்கா. எழுதப் போயிட்டேன்.

"பேனாவ மூடுங்க டீச்சர்"னாங்க எச்.எம்.

மூடுனேன். தாள அவங்ககிட்டயே குடுத்துட்டேன். "நீங்க போகலாம்"னாங்க. அவங்களே சங்கத்துக்குக் கடிதம் எழுதி, நோட்டையும் அந்தத் தாளையும் காட்டியிருக்காங்க. சங்கத்துக்காரங்க ஸ்கூலுக்கே வந்து, பிரேயர்ல வச்சு வருத்தம் சொல்லி முதல் பரிசக் குடுத்துட்டுப் போனாங்களாம். என்னக் கூப்பிடல. ஊருக்குள்ள விசயம் பரவி, டியூசனுக்கு வந்த பத்தொம்பது புள்ளையில இப்ப நாலுதான் வருது. இன்னைக்கு மதுரைக்குப் போறேன். கையில காளீஸ்வரி நோட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. போயி என் கட்டுரைன்னு சொல்லத்தான் போறேன். என்ன சொல்றாங்கன்னு பாப்போம்.

என்ன கேக்கீங்க? அந்தப் புள்ளயா? அதுக்கப்புறம் பேசலையான்னா...

அன்னைக்கு எச்.எம். ரூம விட்டு வெளிய வந்து, வராண்டாவுல நடக்குறேன். பின்னால ஓடி வர்ற சத்தம். திரும்பிப் பாத்தா காளீஸ்வரி. மூச்சு வாங்குது. மன்னிப்புக் கேக்க வாரான்னுதான் நெனச்சேன். கேட்டிருந்தா நான் மன்னிச்சிருப்பேன்.

"டீச்சர், பேனாவ எடுத்தீங்கல்ல? எந்த எடத்துல தப்பு? எச்.எம். மேடம் ஒண்ணும் சொல்லல"ங்கா.

கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா அதத்தான் கேக்குறா. நெஜமாவே தெரிஞ்சுக்கிடத்தான் கேக்குறா.

நான் பதில் சொல்லாம வந்துட்டேன்க்கா. கேட் வரைக்கும் திரும்பிப் பாக்கல. அவ அங்கயே நின்னுக்கிட்டிருந்திருப்பா.

ஒரே ஒரு எழுத்துதான். சொல்லிட்டு வந்திருக்கலாம்.